மதியத்துக்கு மேல் சோனாருக்கு ஏன் காது மந்தம்?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “சோனாரும் ஆழ்வெடிகுண்டும் வைத்திருந்த காவல் கப்பலிடமிருந்து அரை மைல் தள்ளி இருக்கும் நீர்மூழ்கி எப்படித் தப்புகிறது?”

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானின் சிமுஷு என்ற காவல் கப்பலை எடுத்துக்கொள்வோம். ‘கைபோகான்’ என்ற புதுவகைக் கடற்காவல் கப்பல்களில் முதலாவது. 1940-இல் பணிக்கு வந்தது. 860 டன், டீசல் எஞ்சின், 19.7 நாட் (மணிக்குச் சுமார் 36 கி.மீ.) வேகம். வடக்கே குரில் தீவுப் பகுதியின் குளிர்கடலில் மீன்பிடித் தொழிலுக்குக் காவல் நிற்கத் திட்டமிட்ட கப்பல் அது. 1941 டிசம்பரில் மலாயா படையெடுப்புக்குத் துணையாக வெப்பமண்டலக் கடலுக்கு வந்துவிட்டது. தொடக்கத்தில் கையிருப்பு வெறும் 12 ஆழ்வெடிகுண்டுகள். பின்னாளில்தான் 60 ஆக்கினார்கள்.

குண்டு இருந்தாலும் எங்கே போடுவது என்று தெரிய வேண்டுமே. சோனார் ஓர் ஒலியை அனுப்பும். அது நீர்மூழ்கியில் பட்டுத் திரும்பும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். இது பள்ளிப் பாடம். ஆனால் ஒலி நேர்கோட்டில் போகும் என்று நினைத்தால் கடல் ஏமாற்றிவிடும்.

கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். நீர் சூடானால் வேகம் கூடும். 28 டிகிரி நீருக்கும் 18 டிகிரி நீருக்கும் நொடிக்கு ஏறக்குறைய 25 மீட்டர் வித்தியாசம். ஆழத்தின் அழுத்தமும் வேகத்தைக் கூட்டும், ஆனால் 100 மீட்டர் ஆழத்துக்கு நொடிக்கு 1.7 மீட்டர்தான். ஒலியலையின் மேல்விளிம்பு சூடான நீரிலும் கீழ்விளிம்பு குளிர்ந்த நீரிலும் இருந்தால், மேல்பகுதி முந்தும். அலை கீழ்நோக்கி வளையும். தார்ச்சாலையில் கானல் நீர் தெரிவதும் இதே கதைதான். அங்கே வளைவது ஒளி.

அலைகள் கலக்கிவிட்ட மேல்நீர் ஒரே வெப்பநிலையில் இருக்கும். அங்கே அழுத்தம் மட்டுமே வேலை செய்வதால் ஒலி லேசாக மேல்நோக்கி வளையும். அதற்குக் கீழே நீர் சட்டென்று குளிரும்; அங்கே நுழைந்த ஒலி கீழே சாயும். ஆக, ஒரே ஒலிக்கற்றை இரண்டாகப் பிரிகிறது. நடுவில் ஒலியே ஏறக்குறைய எட்டாத ஒரு நிழல். நீர்மூழ்கி அந்த நிழலுக்குள் இறங்கி, சத்தமில்லாமல் மெல்ல நகர்ந்தால் போதும்.

1930-களில் அமெரிக்கக் கடற்படை ஒரு விசித்திரத்தைக் கவனித்தது: காலையில் நன்றாக வேலை செய்யும் சோனார் பிற்பகலில் மந்தமாகிவிடும். சோனாரில் உட்கார்ந்தவருக்கு உண்ட மயக்கமோ என்றுகூடச் சந்தேகம்! காரணம் வெயில். மேற்பரப்பு ஓரிரு டிகிரி சூடேறியதுமே ஒலி கீழே வளைந்துவிடுகிறது.

ஆழத்துக்கு ஆழம் மாறும் வெப்பநிலையை அளக்கக் கடலியலாளர் ஆதெல்ஸ்டன் ஸ்பில்ஹவுஸ் உருவாக்கிய கருவி எனக்கு மிகவும் பிடித்தது. புகை படியவைத்த சிறு கண்ணாடித் துண்டு. அதன்மேல் ஒரு முள். ஆழத்தின் அழுத்தம் ஒரு திசையிலும் வெப்பநிலை குறுக்குத் திசையிலும் நகர்த்த, கடல் தன் வரைபடத்தைத் தானே கீறிக்கொள்ளும். மின்சாரமே வேண்டாம். போர்க்காலத்தில் அமெரிக்க நீர்மூழ்கிகளிலும் இவ்வகைக் கருவி ஏறியது. எந்த ஆழத்தில் ஒளியலாம் என்று நீர்மூழ்கியின் தலைவர் அந்தக் கீறலைப் பார்த்தே முடிவெடுக்கலாம். கடலின் சூட்டை அளப்பதற்கு எதற்குப் பணம் என்று நிதிக் குழுவில் யாராவது கேட்டால், இந்தக் கண்ணாடித் துண்டைத்தான் நான் காட்டுவேன்.

சிமுஷு 1944 நவம்பரில் பிலிப்பைன்ஸ் பக்கம் டார்பீடோ அடி வாங்கிப் பலத்த சேதமடைந்தது. ஆனாலும் மூழ்கவில்லை. போர் முடிந்து, 1947-இல் அது சோவியத் ஒன்றியத்தின் கைக்குப் போனது.