சொல் விளக்கம்: சீன் ஆர்டர் – காட்சிநிரல்

ஒரு படத்தின் காட்சிகள் எந்த வரிசையில் வர வேண்டும், ஒவ்வொன்றிலும் என்ன நடக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாக எழுதி வைக்கும் பட்டியலைத் தமிழ்த் திரையுலகில் ‘சீன் ஆர்டர்’ என்பார்கள். படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் ‘கதையைக் கச்சிதமாகச் சொல்லியிருக்கிறார்கள்’ என்று பாராட்டும்போது, அந்தப் பாராட்டில் பெரும்பங்கு இந்தப் பட்டியலுக்கே உரியது.

‘சீன்’ என்பதன் வேர் ‘ஸ்கேனே’ என்னும் கிரேக்கச் சொல். கூடாரம், குடில் என்பது பொருள். ஆடுகளத்தின் பின்னால், நடிகர்கள் முகமூடி மாற்றிக்கொள்வதற்காக எழுப்பிய கொட்டகையைக் குறித்த அது, லத்தீன் வழியாக இத்தாலியத்துக்கு வந்து மேடையையும் காட்சியையும் குறிக்கலாயிற்று. நம் நாடகக் கொட்டகைகளில் ஓவியம் தீட்டிய திரைச்சீலையையும் ‘சீன்’ என்றே அழைத்தார்கள்.

16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் தழைத்த ‘கொம்மேதியா தெல்லார்த்தே’ நாடகக் குழுக்களிடம் முழு வசனம் எழுதிய ஏடு இல்லை. யார் எப்போது மேடைக்கு வருவது, எதற்காகப் பிணங்குவது, எப்படிக் கூடுவது என்பவற்றை மட்டும் சொல்லும் குறிப்பைச் ‘ஷெனாரியோ’ என்றார்கள். பேச்சையும் அசைவையும் நடிகர்களே அந்தந்த நேரத்தில் இட்டு நிரப்பினார்கள். அத்தகைய குழுக்களில் நடித்த ஃப்ளமீனியோ ஸ்காலா 1611இல் அச்சிட்ட தொகுப்பில் அத்தகைய குறிப்புகள் 50 உள்ளன. நடிப்புக்கு இடம் விட்டு எழுதப்பட்ட அந்தக் குறிப்புதான் நம் சீன் ஆர்டருக்கு மூதாதை என்பேன்.

தமிழில் ‘திரைக்கதை’ இதற்கு ஈடாகாது. அது வசனமும் விவரிப்பும் சேர்ந்த முழு வடிவம். ‘நிகழ்ச்சி நிரல்’ நமக்குப் பழகிய தொடராதலால் ‘காட்சிநிரல்’ என்பதே பொருந்தும். உள்ளத்து உணர்ச்சியை நடிகர் தம் உடலில் உணர்த்துவதற்கோ தொல்காப்பியம் தந்த ‘மெய்ப்பாடு’ இருக்கிறது.

2024இல் வந்த ‘மகாராஜா’ படத்தை இவ்விரு சொற்களாலும் எடைபோடலாம். காலத்தை வெட்டி முன்பின்னாக அடுக்கிய அதன் காட்சிநிரல் மிகக் கச்சிதமானது. பின்னால் வருவது முன்னால் கண்டதன் பொருளையே மாற்றிவிடுகிறது. ஆயினும் என் மனத்தில் தங்கியது, ‘லட்சுமி’ என்று பெயரிட்ட குப்பைத்தொட்டி களவுபோனதாகக் காவல் நிலையத்தில் விஜய் சேதுபதி முறையிடும் இடம்தான். கேலி செய்தும் அடித்தும் விரட்டப் பார்க்கிறார்கள். அவரோ முகம் இறுகியபடி அதே கதையை மறுபடியும் சொல்கிறார். காட்சிநிரலில் அது ‘புகார் கொடுக்கிறார்’ என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் மெய்ப்பாடு.