ஸ்டீபிள்சேஸ்: தடை தாண்டும் ஓட்டம் என்றால் எந்த ஓட்டம்?

2023 அக்டோபர் 1 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்கு வந்த பதக்கங்களில் இரண்டைப் பாருங்கள். 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் அவினாஷ் சாப்ளே 8 நிமிடம் 19.50 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். 100 மீட்டர் ஹர்டில்ஸில் ஜோதி யாராஜிக்கு வெள்ளி. தமிழ்நாட்டுச் செய்தி நடையில் இந்த இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே பெயர்தான் புழங்குகிறது: தடை தாண்டும் ஓட்டம். ஒன்று பதின்மூன்று விநாடி சமாச்சாரம், மற்றது எட்டு நிமிட ஓட்டம். பெயரை வைத்துப் பிரித்தறிய வழியில்லை; தூரத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஸ்டீபிள் என்றால் தேவாலயத்தின் உச்சியில் ஊசிபோல் நிற்கும் கோபுரம். செங்குத்தைக் குறிக்கும் ‘ஸ்டீப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உறவு; அந்தச் சொல்லின் பழைய பொருள் உயரம். சேஸ் என்றால் துரத்தல். கோபுரத்துக்கும் துரத்தலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் குதிரைப் பந்தயத்தில் இருக்கிறது. 1752இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் கொர்னீலியஸ் ஓகாலகன், எட்மண்ட் பிளேக் என்ற இருவர் பந்தயம் கட்டினார்களாம். பட்டவன்ட் ஊர் தேவாலயத்தில் கிளம்பி டோனரேல் ஊர் தேவாலயத்துக்கு யார் முதலில் குதிரையில் போய்ச் சேர்வது என்று. தூரம் சுமார் ஏழு கிலோமீட்டர். சாலை வழியாகப் போக வேண்டியதில்லை. தொலைவில் தெரியும் கோபுரத்தைக் குறியாக வைத்துக்கொண்டு, குறுக்கே வரும் கல்சுவர், புதர்வேலி, ஓடை எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டியதுதான். அப்படிப் பிறந்த பெயர் இது. இன்றைய பந்தயத்தில் கோபுரமும் இல்லை, துரத்தலும் இல்லை. ஆனால் சுவரும் ஓடையும் மிச்சமிருக்கின்றன: மரத்தடையாக ஒன்று, நீர்ப்பள்ளமாக ஒன்று.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் குதிரையை விட்டுவிட்டுக் காலால் ஓட ஆரம்பித்தார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் 2,500 மீட்டர், 4,000 மீட்டர் என இரண்டு தூரங்களில் நடந்தது. 3,000 மீட்டர் என்று நிலைத்தது 1920இல்தான். நிலைத்த பிறகும் கூத்து ஓயவில்லை. 1932 லாஸ் ஏஞ்சலிஸ் இறுதி ஓட்டத்தில் சுற்று எண்ணியவர் கணக்கைத் தவறவிட, எல்லாரும் ஒரு சுற்று கூடுதலாக ஓடினார்கள். பின்லாந்தின் வோல்மாரி ஈசோ ஹோல்லோ எப்படியும் ஜெயித்திருப்பார். பாவம், அமெரிக்காவின் ஜோ மெக்லஸ்கி. 3,000 மீட்டர் முடிந்தபோது இரண்டாவதாக இருந்தவர், அந்த உபரிச் சுற்றில் மூன்றாவதானார்.

இப்போதைய கணக்கு இது: ஏழு முழுச் சுற்று, ஒவ்வொன்றிலும் ஐந்து தடை, அதில் ஒன்று தண்ணீரை ஒட்டியது. மொத்தம் 28 சாதாரணத் தடை, 7 நீர்த்தடை. ஆண்களுக்கு உயரம் 91.4 சென்டிமீட்டர், அதாவது மூன்றடி. தண்ணீர்ப் பள்ளம் 3.66 மீட்டர் நீளம். தடையை ஒட்டி ஆழமாகவும், போகப்போக மேடாகவும் சரிந்திருக்கும். அதனால் எவ்வளவு தூரம் தள்ளிக் குதிக்கிறோமோ அவ்வளவு குறைவாகக் கால் நனையும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கென்யாவின் ஏமஸ் பிவாட் பள்ளத்தையே முழுசாகத் தாண்டிக் குதித்துத் தங்கம் வென்றார். அதிலிருந்து 2016 வரை, கென்யா கலந்துகொண்ட ஒலிம்பிக் ஒவ்வொன்றிலும் ஆண்களுக்கான இந்தத் தங்கம் கென்யாவுக்கே போனது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மொராக்கோவின் சூஃபியான் எல் பக்காலி வந்துதான் அதை நிறுத்தினார்.

சரி, ஹர்டில்ஸிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? தூரத்தை விடுங்கள், தடையைப் பாருங்கள். ஹர்டில்ஸ் தடை இலேசானது, கால் பட்டால் சாய்ந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித் தடத்தில் தனித்தனியாக வைத்திருப்பார்கள். ஸ்டீபிள்சேஸ் தடை 80 கிலோவுக்கு மேல் எடையுள்ள மரக்கட்டை. கூட்டமாக ஓடிவந்து எல்லாரும் ஒரே கட்டையைத்தான் தாண்ட வேண்டும், முட்டினால் அது அசையாது. ஆனால் அதன்மேல் கால் வைத்து ஏறி இறங்கலாம், விதி அனுமதிக்கிறது. உலக சாதனைக்காரர் எத்தியோப்பியாவின் லமேச்சா கிர்மா (7 நிமிடம் 52.11 விநாடி) 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில், கடைசிச் சுற்றில் தடையில் கால் இடறி விழுந்தார். ஸ்ட்ரெச்சரில்தான் வெளியே கொண்டுபோனார்கள். அந்த ஓட்டத்தில் எல் பக்காலி மறுபடி தங்கம் வென்றார், சாப்ளே 11ஆவதாக வந்தார்.

மற்ற மொழிக்காரர்கள் இந்த வேறுபாட்டைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். ஜெர்மனில் இது ‘ஹின்டர்னிஸ்லாவ்ஃப்’, இடையூறு ஓட்டம். ஹர்டில்ஸுக்கு வேறு சொல். இத்தாலியர்கள் ‘சியேப்பி’ என்கிறார்கள், புதர்வேலிகள் என்று பொருள். ஈசோ ஹோல்லோவின் பின்னிஷ் மொழியில் இது ‘எஸ்தெயுவோக்ஸு’, தடை ஓட்டம். ஹர்டில்ஸ் ‘ஐத்தயுவோக்ஸு’, வேலி ஓட்டம்.

பின்லாந்து வரை போக வேண்டாம். இலங்கைத் தமிழ் ஊடகங்கள் இதே பிரிவினையைப் பல காலமாகக் கையாள்கின்றன. ஹர்டில்ஸ் என்றால் அங்கே சட்டவேலி ஓட்டம். ஸ்டீபிள்சேஸ் என்றால் 3,000 மீற்றர் தடைதாண்டல். சட்டவேலி அருமையான சொல். சட்டம் அடித்துச் செய்த, தூக்கி வைக்கக்கூடிய வேலி என்று பார்த்தவுடன் புரிகிறது. ஹர்டில் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருளும் அதுவே: ஆடு அடைக்கப் பின்னிய, இடம் மாற்றி வைக்கும் வேலி. நம் ஊரில் கிடை போடுகிறவர்கள் படல் என்பார்களே, அதுதான். படலோட்டம் என்று எழுதலாமா என்று கூட எனக்கு ஆசை வந்தது. ஆனால் வழக்கில் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கும்போது புதிதாக ஒன்றைத் திணிப்பது வீண்வேலை.

தடைதாண்டல் அவ்வளவு துல்லியம் என்று சொல்ல மாட்டேன். நீர்ப்பள்ளம் அதில் இல்லை, கட்டைமேல் கால் வைக்கலாம் என்பதும் இல்லை. ஆனாலும் கோபுரத் துரத்தல் மாதிரி நேர்பெயர்ப்பை விட நூறு மடங்கு தேவலை. குதிரைப் பந்தயக் கதை தெரியாதவருக்கு அது எதையுமே சொல்லாது. ஸ்டீபிள்சேஸ் என்று ஒலிபெயர்த்தே எழுதுகிறவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. குழப்பம் வராது, அவ்வளவுதான் வேண்டும். என் வாக்கு மட்டும் இலங்கை வழக்குக்கு. கோவை வித்யா ராம்ராஜ் ஓடுவது 400 மீட்டர் சட்டவேலி ஓட்டம். 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகத் தடகளப் போட்டியில், தகுதிச் சுற்றில் விழுந்து முகத்தில் மிதிபட்டும் எழுந்து ஓடி, இறுதியில் எல் பக்காலியை 0.07 விநாடியில் முந்தித் தங்கம் வென்றாரே நியூசிலாந்தின் ஜோர்டி பீமிஷ், அவர் ஓடியது 3,000 மீட்டர் தடைதாண்டல்.