இணைத் தொகுப்பான்: எதை எதோடு இணைக்கிறது?

புதுச்சேரியில் ஒரு நிரலாக்கப் பயிலரங்கில் கொடுத்த கையேட்டிலும் அதே சொல்: "இணைத் தொகுப்பான்". பேரலல் கம்பைலருக்குத் தமிழாம். எத்தனை தடவைதான் பொறுத்துக்கொள்வது?

முதலில் 'கம்பைல்'. லத்தீன் மூலத்தில் கொள்ளையடிப்பது. அப்புறம் பிறர் நூல்களிலிருந்து திரட்டுவது. 1952இல் அமெரிக்கக் கணினியியலாளர் கிரேஸ் ஹாப்பர் தம் ஏ-0 நிரலைக் கம்பைலர் என்றது பொருத்தம்தான். அது நாடாவில் இருந்த துணைநிரல்களைத் திரட்டிக் கோத்தது. இன்றைய கம்பைலரின் முக்கிய வேலை, நாம் எழுதுவதைப் பொறிமொழிக்குப் பெயர்ப்பது. ஆகவே நிரல்பெயர்ப்பி. சரி, அது போகட்டும்.

என் சண்டை 'இணை'யோடு. இணைகோடுகள் என்று பள்ளியில் படித்தோம், குறையில்லை. ஆனால் இதே துறையில் லிங்கருக்கு 'இணைப்பி' என்று ஏற்கெனவே பெயர் வைத்தாயிற்று. பெயர்த்து முடித்த துண்டுகளை ஒட்டுவது அதன் வேலை. 'இணைத் தொகுப்பு' என்றால் மாணவர் அந்த ஒட்டு வேலையைத்தானே நினைப்பார்?

இன்னொரு குழப்பமும் உண்டு. கோப்புகளைப் பெயர்க்கும் வேலையை ஏவும் குனு மேக் நிரலுக்கு '-ஜே8' என்று கட்டளை கொடுத்தால், எட்டுக் கோப்புகளுக்கு எட்டு நிரல்பெயர்ப்பிகள் ஒரே நேரத்தில் ஓடும், ஒவ்வொன்றும் தனி. ஒரே நிரல்பெயர்ப்பி தன் வேலையைச் செயலியின் பல கருக்களுக்கு, அதாவது கோர்களுக்கு, பிரித்துக் கொடுப்பது வேறு. கடலூர் முதுநகரில் எட்டுப் பேர் ஆளுக்கொரு கூடை மீன் அரிவதும், எட்டுப் பேர் சேர்ந்து ஒரே சுறாவை அரிவதும் ஒன்றா? கத்தி ஒன்றோடொன்று மோதாமல் பார்ப்பதுதான் இரண்டாவதில் பெரும்பாடு. ரஸ்ட் என்ற நிரல்மொழிக்கான நிரல்பெயர்ப்பியில், பொறிமொழியை ஆக்கும் பின்பகுதி முன்பே பல கருக்களில் ஓடியது. நாம் எழுதியதைப் படித்துச் சரிபார்க்கும் முன்பகுதியும் அப்படி ஓட வழி, சோதனைப் பதிப்பில் 2023 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டது.

முதலாவதை 'உடனோட்டப் பெயர்ப்பு' என்போம். இரண்டாவதற்குப் 'பல்கருப் பெயர்ப்பி'. கரு என்றால் சிசு நினைவு வருகிறதாம் சிலருக்கு. கதைக்கரு என்கிறோமே, அங்கே வராத சிசு இங்கே ஏன் வருகிறது?

நிரலை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டினால் இப்படித்தான். கையேட்டின் அடுத்த பக்கத்தில் திரெட், அதாவது ஒரு நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடர், 'நூல்' ஆகிவிட்டது. "எட்டு நூல்களைப் பயன்படுத்தும் இணைத் தொகுப்பான்" என்று ஒரு வாக்கியம். யாரோ உதவி ஆசிரியர் எட்டுப் புத்தகங்களைப் பரப்பிவைத்து மலர் தயாரிப்பதாகத்தான் நான் படித்தேன். 'இழை' என்ற சொல் இவர்களுக்கு என்ன பாவம் செய்தது?