நின்றே வேலை பார்ப்பவர்களின் கால் வீக்கம்

"சாயங்காலமானா செருப்பே போட முடியல சிஸ்டர்." சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் தாதியாக இருக்கும் என்னிடம் இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் நின்றே பிழைப்பவர்கள். கொண்டோ அடுக்குமாடி வாசலில் 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் பாதுகாவலர்கள், தேக்காவில் பரோட்டாக் கல்லை விட்டு நகர முடியாத அண்ணன்மார், சலூனில் வேலை செய்யும் அக்காமார். "வயசாச்சு, அப்படித்தான்" என்று முடிவையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வயதும் ஒரு காரணம்தான். ஆனால் அசையாமல் நிற்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நாம் சும்மா இருக்கும்போதே இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அந்த வேகம் தமனி (இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) வழியாகப் பாதம்வரை வந்து, மெல்லிய நுண்குழாய்களைக் கடப்பதற்குள் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. கணுக்காலிலிருந்து இதயம்வரை மறுபடி ஏற்றிவிடுவதில் பெரும்பங்கு கெண்டைக்கால் தசைக்கு. நடக்கும்போது அது இறுகி உள்ளே இருக்கும் சிரையை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை, பிழிகிறது. சிரைக்குள் உள்ள வால்வுகள் ஒருவழிக் கதவுபோல இரத்தத்தைக் கீழே திரும்பவிடாமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. பாதரசம் அளவுக்கு ஏறும். நடந்தால் 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.

வால்வு வேலை செய்வதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்த சிரை ஒன்றை மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். மற்றொருவர் விரலால் அதை முழங்கை நோக்கி வழித்துவிடட்டும். வால்வு இருக்கும் இடம்வரை சிரை தட்டையாகவே கிடக்கும். அழுத்திய விரலை எடுத்தால்தான் நிரம்பும். இரத்தம் சுற்றிவருகிறது என்று 1628இல் நூல் எழுதிய வில்லியம் ஹார்வி இதைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்.

வால்வு கெட்டால் இரத்தம் கீழேயே தேங்கும். சிரை புடைத்துச் சுருளும், நீர் கசிந்து வீங்கும், கணுக்காலின் உட்பக்கத் தோல் பழுப்பாகும். அந்தப் பழுப்பை அழுக்கு என்று தேய்த்துக் கழுவுகிறவர்கள் உண்டு. தேய்க்காதீர்கள். அங்கே சின்னக் கீறல் பட்டாலும் மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகலாம். கட்டு மாற்றும் அறையில் அந்த வேதனையை அடிக்கடி பார்க்கிறேன்.

நின்ற இடத்திலேயே அரை மணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், ஒரு பதினைந்து தடவை. வீட்டில் காலை உயர்த்திப் படுங்கள். இறுக்கமான சிகிச்சைக் காலுறையைக் காலையில் வீக்கம் ஏறுமுன் போட வேண்டும். ஆனால் காலில் தமனி அடைப்பு இருந்தால் அது ஆபத்து. மருந்தகத்தில் காலில் நாடித் துடிப்பைப் பார்க்காமல் கடையில் வாங்கி மாட்டாதீர்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் காலின் ஆழத்தில் ஓடும் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் போட்டு உருவிவிட வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். உறைந்த இரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கக்கூடியது. கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

இரண்டு காலும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், ஈரல் மூன்றையும் பார்க்க வேண்டும். பிரஷருக்குத் தரும் அம்லோடிபைன் மாத்திரையாலும் கால் வீங்கும். நீங்களாக நிறுத்தாமல் மாத்திரை அட்டையோடு வாருங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ மருத்துவரால் முடியும்.