கூட்டு மருந்துத் தடை: பிராண்டு பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

ஒரே மாத்திரையிலோ சிரப்பிலோ ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்தது கூட்டு மருந்து. அப்படி ஒன்றுக்குத் தடை என்று செய்தி வருகிறது. சில நாளில் அதே மாத்திரை மருந்துக்கடையில் மறுபடி கிடைக்கிறது. இடையில் பெரும்பாலும் அரசின் தடையை நிறுத்திவைக்கும் நீதிமன்ற இடைக்கால உத்தரவு (ஸ்டே) ஒன்று வந்திருக்கும்.

மத்திய அரசின் தடைக்கு அடிப்படை, 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஏ பிரிவு. ஆபத்து, சொல்லப்படும் பலன் இல்லாமை, சேர்மான அளவுக்கு மருத்துவ நியாயம் இல்லாமை என மூன்று காரணங்களை அது ஏற்கிறது. அந்த முடிவுக்கு அரசு எந்த ஆய்வின் பேரில் வந்தது என்பதைத்தான் கம்பெனிகள் வழக்கில் குடைகின்றன.

2016 மார்ச் 10-இல் 344 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. மருந்து தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தைக் கலக்கவில்லை என்று டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம், கலந்தாலோசிப்பது கட்டாயமல்ல என்றது; ஆனாலும் மருந்துகளை மறுஆய்வுக்கு அந்த வாரியத்திடமே அனுப்பியது. 2018 செப்டம்பர் 7-இல் 328 மருந்துகளுக்குத் தடை வந்தது. 1988 செப்டம்பர் 21-க்கு முன்பே தயாரிப்பில் இருந்ததாகச் சொல்லப்பட்ட 15 மருந்துகளுக்குப் புது விசாரணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால், அவை அந்தப் பட்டியலில் சேரவில்லை. அவற்றில் 14 கூட்டுகளுக்கு 2023 ஜூன் 2-இல்தான் தடை வந்தது. ஏழு ஆண்டு இழுபறி. நோயாளிக்கு இதுதான் பெரிய இழப்பு என்பேன். வேர்க்காரணம், மத்திய ஒப்புதல் இல்லாமலே மாநிலங்கள் உரிமம் கொடுத்து வந்தது.

மருந்தாளுநர்கள் அரசிதழ் அறிவிக்கையில் சேர்மானம், மி.கி. அளவு, மாத்திரையா சிரப்பா என்ற மூன்றையும் அட்டையோடு ஒப்பிட வேண்டும். 2024 ஆகஸ்ட் 2-இல் தடையான 156 கூட்டு மருந்துகளில், வலிநிவாரணியான அசெக்ளோஃபெனாக் 50, பாராசிட்டமால் 125 மி.கி. மாத்திரை உண்டு, பரவலாக விற்கும் 100, 325 மி.கி. மாத்திரை இல்லை. இதைக் கவனிக்காமல் நல்ல சரக்கைத் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது, தடையானதை விற்பதும் நடக்கிறது. இரண்டாவதற்கு அதே சட்டத்தின் 28பி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை.

‘ஸ்டே இருக்கு’ என்று ஸ்டாக்கிஸ்ட் (மொத்த விற்பனையாளர்) சொன்னால் உத்தரவின் நகலைக் கேளுங்கள். மனுதாரர் யார், எந்தத் தயாரிப்பு, அடுத்த விசாரணை எப்போது என்று பாருங்கள். ஒரு கம்பெனி வாங்கிய ஸ்டே, அதே சேர்மானத்தை விற்கும் இன்னொரு கம்பெனிக்குத் தானாகச் செல்லாது. ஸ்டே கிடைத்ததாலேயே மருந்து பாதுகாப்பானது என்றும் ஆகிவிடாது.

நோயாளிகள், குறிப்பாகச் சர்க்கரைக்குக் கூட்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், செய்தியைப் பார்த்துச் சட்டென்று நிறுத்த வேண்டாம். தடை அந்தக் கூட்டுக்குத்தான். அதிலுள்ள மருந்துகளைத் தனித்தனியாக எழுதித் தர முடியுமா என்று அட்டையைக் காட்டி மருத்துவரிடம் கேளுங்கள்.