இரும்பு ஒன்று, நிறம் நான்கு

நான்கு பொடிகள். ஒன்று மஞ்சள், ஒன்று செங்கல் சிவப்பு, ஒன்று கன்னங்கறுப்பு, ஒன்று ஆழ்ந்த நீலம். நான்குக்கும் நிறம் தருவது ஒரே தனிமம்தான்: இரும்பு. மஞ்சள் பொடியில் இரும்பைச் சுற்றி ஆக்சிஜனோடு ஹைட்ராக்சைடும் சூழ்ந்திருக்கிறது. அதைச் சுமார் 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் நீர் வெளியேறி, மிஞ்சுவது சிவப்பு. கறுப்பில் இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பும் மூன்று இழந்த இரும்பும் ஒரே படிகத்தில் அருகருகே இருக்கின்றன. எலக்ட்ரான்கள் அவற்றுக்கிடையே தாவிக்கொண்டே இருப்பதால் எல்லா நிற ஒளியும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. அதே இரண்டு வகை இரும்புக்கும் நடுவில் சயனைடு வந்து நின்றால், தாவுவதற்குக் கூடுதல் ஆற்றல் தேவை. சிவப்பு ஒளி மட்டும் அதற்குச் செலவாகிறது, நம் கண்ணுக்கு நீலம் எஞ்சுகிறது.

செயற்கைக் கனிம நிறமிகளின் வரலாற்றை ஓவியர்களின் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது இடம் தேடிய கதையாகத் தெரிகிறது. எலக்ட்ரான் இழந்த ஓர் உலோக அணுவை, அதாவது அயனியை, படிகத்துக்குள் எங்கே, யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்ற கேள்விக்கு மனிதர்கள் ஐயாயிரம் ஆண்டுகளாக விடை கண்டுவருகிறார்கள். அதில் பெரும்பகுதிக் காலம் அந்தக் கேள்வியே அவர்களுக்குத் தெரியாது.

முதல் விடை எகிப்தில் கிடைத்தது. மணல், சுண்ணாம்பு, செம்புத் தாது, கொஞ்சம் சோடா உப்பு. இவற்றைக் கலந்து 850 முதல் 1000 டிகிரி வரை மணிக்கணக்கில் சுட்டால் எகிப்திய நீலம் என்ற கால்சியம் செம்பு சிலிகேட் கிடைக்கும். சூடு குறைந்தால் வினை நிறைவேறாது, மிகுந்தால் படிகம் உருகிப் பச்சைக் கண்ணாடியாகிவிடும். வெப்பமானி இல்லாத காலத்தில் இந்த வரம்புக்குள் சூளையைப் பிடித்து வைத்த கைத்திறன் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. இந்த நீலத்தின் மீது ஒளி பட்டால் சுமார் 910 நானோமீட்டரில் அகச்சிவப்பு ஒளியை உமிழும். கண்ணுக்கு ஒரு துளி நீலம்கூடத் தெரியாத பழஞ்சிற்பங்களை அகச்சிவப்புப் படக்கருவியால் பார்த்து, முன்பு எங்கெங்கே வண்ணம் தீட்டியிருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

ரோமப் பேரரசுக்குப் பிறகு இந்தச் செய்முறை மறைந்துபோனது. பல நூற்றாண்டுகள் கழித்து அடுத்த பெரிய நீலம் ஒரு தற்செயலில் பிறந்தது. 1706ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெர்லினில் டீஸ்பாக் என்ற வண்ணத் தயாரிப்பாளர், கோச்சினீல் பூச்சியிலிருந்து ஒரு சிவப்பு நிறமி செய்ய முனைந்தார். அதற்குப் படிகாரம், அன்னபேதி என்ற இரும்பு சல்பேட், பொட்டாஷ் என்ற காரப்பொருள் மூன்றும் வேண்டும். அவருக்குக் கிடைத்த பொட்டாஷ், டிப்பல் என்பவரின் பட்டறையில் விலங்கு எண்ணெய் கலந்து மாசுபட்டிருந்தது. விலங்குப் பொருளின் நைட்ரஜனும் கார்பனும் சேர்ந்து சயனைடாகி, அன்னபேதியின் இரும்போடு பிணைந்தன. பிரஷ்ய நீலம் வந்தது. செய்முறை 1724 வரை வெளியே தெரியாமல் காக்கப்பட்டது. ஆனால் இதற்குக் காரத்தோடு ஒத்துவராது. சுண்ணாம்புச் சுவரில் பூசினால் சிதைந்து துருநிறமாகிவிடும். 1842இல் ஜான் ஹெர்ஷல் இதே வேதியியலைக் கொண்டு நீலநிழற்பட முறையை உருவாக்கினார். கட்டட வரைபடங்களின் நீலப் பிரதிகள் அதிலிருந்து வந்தவை. இந்தப் படிகத்தின் இடைவெளிகள் சீசியம், தாலியம் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இன்று இது மருந்தும்கூட. 1987இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட மருத்துவக் கருவி ஒன்றிலிருந்து கதிரியக்கச் சீசியம் பரவியபோது, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரஷ்ய நீலத்தைத்தான் உட்கொள்ளக் கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அல்ட்ராமரைன். அந்த நீலத்தில் நிறம் தரும் உலோகமே இல்லை என்பதுதான் காரணம். ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளில் கிடைக்கும் லாபிஸ் லாசுலி கல்லை அரைத்துப் பிரித்த இந்த நீலம், ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பொன்னுக்கு இணையாக மதிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோடா உலைகளின் சுவர்களில் இதே நிறத்தில் ஏதோ படிவதைக் கவனித்தார்கள். 1824இல் பிரான்சில் ஒரு தொழில் ஊக்குவிப்புச் சங்கம் செயற்கை அல்ட்ராமரைனுக்கு 6000 பிராங்க் பரிசு அறிவித்தது. 1828இல் பரிசு ழான் பாப்டிஸ்ட் கிமேவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் கிறிஸ்டியான் மேலினும் தன் செய்முறையை வெளியிட்டார். தேவைப்பட்ட பொருள்களைப் பாருங்கள்: வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கரி. எங்கும் மலிவாகக் கிடைப்பவை. காற்றுப் புகாமல் 700, 800 டிகிரியில் சுட்டு, பிறகு மெல்லக் குளிரவிட்டு, சரியான நேரத்தில் காற்றை உள்ளே விடவேண்டும்.

உள்ளே நடப்பது இது. களிமண்ணின் அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிஜனோடு சேர்ந்து சிறுசிறு கூண்டுகளாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் மூன்று கந்தக அணுக்கள் ஓர் எதிர்மின்சுமையோடு சிறைப்படலாம். இந்த மும்மைக் கந்தகம் வெளியே தனியாக இருந்தால் காற்றும் ஈரமும் பட்டவுடன் அழிந்துபோகும் அளவுக்கு நிலையற்றது. கூண்டுக்குள் அது நூற்றாண்டுகள் வாழ்கிறது. சுமார் 600 நானோமீட்டரில் உள்ள ஆரஞ்சு ஒளியை அது உறிஞ்சுவதால் நமக்கு நீலம் தெரிகிறது. இரண்டு கந்தகம் மட்டுமே உள்ள கூண்டுகள் மஞ்சளைச் சேர்க்கின்றன. அவை மிகுந்தால் பொடி பச்சையாகிவிடும். காற்றை எப்போது விடவேண்டும் என்ற அந்தக் காலக் கணிப்பு, கூண்டுகளுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைத் திருத்தும் வேலைதான். அமிலம் பட்டால் கூண்டு உடைந்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு நீலம் மறைந்துவிடும். காரமோ வெயிலோ அதை ஒன்றும் செய்யாது. வெள்ளைத் துணிக்கு நீலம் போடும் பொடியாக உலகெங்கும் பரவியது இதுதான். பழுப்பேறிய வெண்மையின் மஞ்சள் சாயலை அது ஈடுகட்டும். பிளாஸ்டிக் தயாரிப்பிலும் இன்று அதே வேலையைச் செய்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் வேதியியலாளர்கள் புதிய தனிமங்களை அடுத்தடுத்துக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றும் நிறமியாக மாறியது. 1797இல் வோக்கெலான் சைபீரியாவின் செந்நிறக் கனிமம் ஒன்றிலிருந்து குரோமியத்தைக் கண்டறிந்தார். ஆறு எலக்ட்ரான் இழந்த குரோமியம் ஈயத்தோடு சேர்ந்தால் பளிச்சென்ற மஞ்சள். மூன்று மட்டும் இழந்து ஆக்சிஜன் நடுவே அமர்ந்தால், உலைச் சூட்டிலும் மாறாத பச்சை. அந்தப் பச்சை அகச்சிவப்பிலும் இலைகளைப் போலவே ஒளியைத் திருப்பி அனுப்புவதால் ராணுவ மறைப்புப் பூச்சுகளில் இடம்பிடித்தது. 1802இல் தெனார் கோபால்ட்டை அலுமினாவோடு சுட்டுக் கோபால்ட் நீலத்தை உருவாக்கினார். 1817இல் காட்மியம் வந்தது. காட்மியம் சல்பைடு ஒரு குறைகடத்தி. அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவத் தேவையான குறைந்த ஆற்றல், சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட். அதைவிட ஆற்றல் மிகுந்த நீல ஒளி முழுதும் உறிஞ்சப்பட, மீதம் மஞ்சளாகத் திரும்புகிறது. கந்தகத்துக்குப் பதில் செலினியத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். மஞ்சள் ஆரஞ்சாகி, சிவப்பாகி, கடைசியில் கருஞ்சிவப்பாகும்.

இந்த அழகுக்குக் கொடுத்த விலையைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 1775இல் ஷீலே உருவாக்கிய பச்சை, செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்தது. சுவர்த்தாள்களிலும் ஆடைகளிலும் அது பரவியது. அதையும் அதன் தம்பியான எமரால்டு பச்சையையும் தூவிச் செயற்கை இலைகள் செய்த தொழிலாளர்கள் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். ஈய வெண்மை அதைவிட நீண்ட காலம் தீங்கு செய்தது. ஈயத் தகடுகளை வினிகர் ஆவியிலும் சாணத்தின் சூட்டிலும் மாதக்கணக்கில் புதைத்து எடுத்த அந்த வெள்ளைக்கு ஈராயிரம் ஆண்டுகளாகப் பெரிய போட்டி இல்லை. 1921இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கட்டட உட்புறப் பூச்சு வேலைகளில் அதைத் தடுக்கும் உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. நஞ்சு என்று தெரிந்தும் ஒரு நிறமியைக் கைவிடப் பல தலைமுறை ஆனதற்கு, நல்ல மாற்று இல்லாததே பெரிய காரணம்.

மாற்று முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் தொழிற்சாலை அளவில் வந்தது: டைட்டானியம் டை ஆக்சைடு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. பிறகு எப்படிச் சுவரை மறைக்கிறது? ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது எவ்வளவு திரும்புகிறது என்பது இரண்டின் ஒளிவிலகல் எண் வேறுபாட்டைப் பொறுத்தது. பெயிண்டில் துகள்களைப் பிணைக்கும் பிசினின் எண் சுமார் 1.5, ஈய வெண்மைக்குச் சுமார் 2.0, டைட்டானியம் டை ஆக்சைடின் ரூட்டைல் வடிவத்துக்கு 2.7. அதனால் அதன் துகள்கள் ஒளியை நாலாபுறமும் பலமாகச் சிதறடிக்கின்றன. உள்ளே போன ஒளி சுவரை எட்டும் முன்பே திரும்பி வெளியேறுகிறது. துகளின் அளவும் முக்கியம். ஒளியின் அலைநீளத்தில் பாதியளவு, அதாவது 200 முதல் 300 நானோமீட்டர் வரை இருந்தால்தான் சிதறல் உச்சத்தில் இருக்கும். அரைத்து அரைத்து மேலும் நுண்ணியதாக்கினால் வெண்மை குறைந்து, பூச்சு ஒளி ஊடுருவுவதாகிவிடும்.

இதைச் செய்யும் வழி ஒரு விந்தை. தூய வெண்மைக்கு மூலப்பொருள் பெரும்பாலும் இல்மனைட் போன்ற கருந்தாது. குளோரைடு முறையில் தாதுவைக் குளோரினோடு வினைப்படுத்தி, டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவமாக்குகிறார்கள். அது 136 டிகிரியில் கொதிக்கும் என்பதால் காய்ச்சி வடித்தே இரும்பையும் பிற மாசுகளையும் நீக்கிவிடலாம். பிறகு 1000 டிகிரிக்கு மேல் ஆக்சிஜனோடு எரித்தால் வெண்பொடி உருவாகும். குளோரின் மீண்டும் சுழற்சிக்குத் திரும்பும். ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. புறஊதா ஒளி படும்போது இந்தப் பொடி சுற்றியுள்ள பிசினையே ஆக்சிஜனேற்றம் செய்து அரித்துவிடும். வெளிச்சுவரைத் தொட்டால் கையில் மாவாக ஒட்டுவது அதனால்தான். எனவே ஒவ்வொரு துகளுக்கும் சில நானோமீட்டர் தடிமனில் அலுமினாவாலும் சிலிக்காவாலும் உறை போடுகிறார்கள். பெயிண்ட், காகிதம், பிளாஸ்டிக், பற்பசை என்று இது நுழையாத இடமில்லை. உணவில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை செய்தது.

இரும்பு ஆக்சைடுகளுக்கு இத்தனை புகழ் கிடையாது. காவி மண்ணின் செயற்கை உடன்பிறப்புதானே என்று பலர் கடந்துபோகிறார்கள். என் கணக்கில் வண்ண நிறமிகளில் இவைதான் மிகப் பெரிய உழைப்பாளிகள். சிமென்ட்டின் கடுங்காரம், வெயில், மழை எதற்கும் அசையாதவை. நடைபாதைக் கற்களிலும் கூரை ஓடுகளிலும் வண்ணக் கான்கிரீட்டிலும் நீங்கள் மிதித்து நடப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். 1920களில் யூலியஸ் லாக்ஸ் ஜெர்மனியில் ஒரு நல்ல வேலை செய்தார். சாயங்களுக்கு மூலப்பொருளான அனிலினைத் தயாரிக்க இரும்புத் தூளைப் பயன்படுத்தியபோது மிஞ்சிய சேறு அதுவரை வெறும் கழிவு. வினையின்போது சில உப்புகளைச் சேர்த்து, அந்தச் சேற்றையே விரும்பிய நிறமுள்ள நிறமியாக்கினார். இன்னொரு முறையில் அன்னபேதிக் கரைசலில் பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டுக் காற்றைச் செலுத்துகிறார்கள். முன்பே தூவிய நுண்விதைகளின் மேல் மஞ்சள் ஊசிகள் வளரும். எவ்வளவு நேரம் வளரவிடுகிறோமோ அதற்கேற்ப நிறம் மாறும். சிவப்பு ஆக்சைடிலும் அப்படியே. துகள் 0.1 மைக்ரான் அளவில் இருந்தால் மஞ்சள் சாயலுள்ள சிவப்பு, 1 மைக்ரானை நெருங்கினால் ஊதா சாயல். வேதிப்பொருள் இரண்டிலும் ஒன்றே.

ஆனால் பீங்கான் மெருகில் இரும்புச் சிவப்பு நிலைக்காது. உருகிய கண்ணாடி அதைக் கரைத்துவிடும். அதற்கான விடை சிர்க்கான் படிகம். அது வளரும்போதே சிவப்பு ஆக்சைடு துகள்களைத் தனக்குள் வைத்து மூடிக்கொள்ளும்படி சுட்டால், உருகிய மெருகு அவற்றைத் தொட முடியாது. அதே சிர்க்கானின் அணு அடுக்குக்குள் வனேடியத்தை அமர்த்தினால் நீலம், பிரசியோடைமியத்தை அமர்த்தினால் மஞ்சள். தரை ஓடுகளின் வண்ணங்களில் பெரும்பங்கு இந்த மூன்றின் கலவையில் கிடைப்பது.

இடமே நிறத்தை முடிவு செய்கிறது என்பதற்கு 2009இல் ஒரு தெளிவான சான்று கிடைத்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாஸ் சுப்பிரமணியனின் குழு, மின்னணுவியலுக்கான புதிய காந்தப் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தது. யிட்ரியம் இண்டியம் ஆக்சைடு வெள்ளை. யிட்ரியம் மாங்கனீசு ஆக்சைடு கறுப்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட கலவையை உலையிலிருந்து எடுத்தபோது அது சாம்பலாக இல்லை, பளீரென்ற நீலமாக இருந்தது. அங்கே மாங்கனீசைச் சுற்றி ஐந்து ஆக்சிஜன்கள், மேலும் கீழும் ஒவ்வொன்றும் நடுவில் முக்கோணமாக மூன்றும் நிற்கின்றன. இந்த அரிய அமைப்பு சிவப்பையும் பச்சையையும் உறிஞ்சி, நீலத்தை மட்டும் விட்டுவிடுகிறது. யின்மின் நீலம் என்று அழைக்கப்படும் இதற்குச் சூரியனின் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் குணமும் உண்டு. தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி அகச்சிவப்பு என்பதால், கூரைப் பூச்சுகளுக்கு இது பெரிய செய்தி. இண்டியத்தின் விலைதான் தடை. அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதற்காகவே கரிக்குப் பதில் குரோமியம் இரும்பு ஆக்சைடு கறுப்பும் கூரைகளில் பயன்படுகிறது. கண்ணுக்குக் கறுப்பு, வெப்பத்துக்கு ஓரளவு முகம்பார்க்கும் கண்ணாடி.

நீலம் இப்படி அடுத்தடுத்துக் கிடைக்க, சிவப்பு இன்னும் பிடிகொடுக்கவில்லை. நல்ல சிவப்புக்குச் சுமார் 600 நானோமீட்டருக்குக் கீழே உள்ள எல்லா ஒளியும் உறிஞ்சப்பட வேண்டும், அதற்கு மேல் எதுவும் உறிஞ்சப்படக் கூடாது. எல்லை கத்தியால் வெட்டியதுபோல் இருக்கவேண்டும். தனி அயனிகளின் உறிஞ்சல் அகன்று பரவியிருப்பதால் அவை இதற்கு உதவாது, குறைகடத்திகளால்தான் முடியும். காட்மியம் அதைச் செய்கிறது, ஆனால் நஞ்சு. இரும்புச் சிவப்பில் எல்லை மழுங்கியிருப்பதால் பழுப்பு கலந்துவிடுகிறது. சீரியம் சல்பைடு நல்ல சிவப்புதான், அமிலம் பட்டால் சிதைந்துவிடும். 2000ஆம் ஆண்டில் யான்சென், லெட்சர்ட் இருவரும் கால்சியம், லாந்தனம், டான்டலம் அடங்கிய ஒரு படிகத்தில் ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதத்தை மாற்றியே மஞ்சளிலிருந்து சிவப்பு வரை போகமுடியும் என்று காட்டினார்கள். டான்டலம் மலிவான உலோகம் அல்ல. அதனால் 300 டிகிரியில் உருக்கி வார்க்கும் பிளாஸ்டிக்குகளுக்குப் பளிச்சிடும் சிவப்பு வேண்டுமென்றால், தொழிற்சாலைகள் பல இடங்களில் இன்னமும் காட்மியத்தைத்தான் நாடுகின்றன.