மூக்குக்கு ஏன் நெகிழி?

ஒரு நடிகை மூக்குக்கு 'நெகிழி அறுவை சிகிச்சை' செய்துகொண்டாராம். எத்தனையாவது தடவையோ, இந்தச் சொல்லைச் செய்தியில் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

மூக்கைத் திருத்தி அமைக்கும் இந்த அறுவைக்கு ஆங்கிலத்தில் ரைனோபிளாஸ்டி என்று பெயர். அது கிரேக்க வேர்களில் அமைந்த சொல். ரைனோ என்றால் மூக்கு, பிளாஸ்டி, உருக்கொடுத்தல். பிளாஸ்டிக் சர்ஜரியிலும் இதே வேர்தான். ஜெர்மன் மருத்துவர் கிராஃப் 1818-லேயே இந்த மூக்குச் சிகிச்சை பற்றி நூல் எழுதிவிட்டார். பேக்கலைட் என்ற முதல் முழுச் செயற்கைப் பிளாஸ்டிக் வந்ததோ 1907-இல். பிறகு எங்கிருந்து வந்தது நெகிழி? சிலருக்கு மூக்கில் சிலிகோன் வைப்பார்கள், சரி. ஆனால் பெயர் அதனால் வந்ததில்லை. பலருக்குக் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுத்த குருத்தெலும்பைத்தான் வைக்கிறார்கள். அகராதியில் 'பிளாஸ்டிக்' என்று தேடி, முதலில் கிடைத்ததை ஒட்டிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பு இது.

'மூக்கு மாற்று' என்பதும் தவறு. சிறுநீரக மாற்று என்றால் பழையதற்குப் பதில் இன்னொருவருடையதை வைப்பது. இங்கே மூக்கு அவரவருடையதுதான்.

'மூக்கு அழகு சிகிச்சை' என்பதை இன்னும் கடுமையாக எதிர்ப்பேன். தண்டு வளைந்து மூச்சுவிடத் திணறுபவர், விபத்தில் மூக்கு நொறுங்கியவர், பிளவுபட்ட உதட்டோடு பிறந்த பிள்ளை, புற்றுநோய்க்காக மூக்கின் ஒரு பகுதியை இழந்தவர், எல்லாரும் இதற்குத்தான் வருகிறார்கள். மூக்கின் திமிலைக் குறைக்க வருபவரும் உண்டு; அதிலும் குற்றமில்லை. ஆனால் அவர் ஒருவரை வைத்து மொத்தச் சிகிச்சைக்கும் பெயரிடலாமா?

இதன் வரலாறே அறுபட்ட மூக்குகளின் வரலாறுதான். கன்னத் தோலை எடுத்து மூக்கு அமைக்கும் முறை சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. திப்புவுடன் நடந்த போரில் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்ற வண்டியோட்டிக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்த செய்தி 1794-இல் லண்டன் இதழில் வந்தது. அதைப் பார்த்துதான் கார்ப்யூ என்ற ஆங்கிலேய மருத்துவர் 1814-இல் லண்டனில் இதைச் செய்தார். திருமலை நாயக்கர் காலத்தில் மைசூர்ப் படை மதுரை நாட்டு மக்களின் மூக்கை அறுத்த போருக்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர். அவமானப்பட்டவனை 'மூக்கறுபட்டான்' என்று சொல்லும் மொழியில், இதை அழகுக்கலை என்று சுருக்குவது எப்படிப் பொருந்தும்?

கிரேக்கப் பொருளுக்கு மிக நெருக்கமான சொல், களிமண்ணுக்கு உருக்கொடுத்துப் பானை செய்வதைக் குறிக்கும் 'வனைதல்'. எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனாலும் 'மூக்கு வனைவு' என்று ஒப்புதல் படிவத்தில் அச்சிட்டால் கையெழுத்துப் போடுபவருக்கு என்ன புரியும்? மூக்குச் சீரமைப்பு என்றே எழுதுங்கள். மூச்சுக்காக வந்தவருக்கும் பொருந்தும், முகத்துக்காக வந்தவருக்கும் பொருந்தும்.